பழைய பிரான்ஸ் ஏன் வீழ்ந்தது? ஆன்சியன் ரெஜீம் பற்றிய நீண்ட விவாதம்

1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, வெர்சாயில் கூடியிருந்த தேசிய சபையில் பிரபுக்களும் பாதிரிமார்களும் நகரப் பிரதிநிதிகளும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் உரிமைகளைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். நிலப்பிரபுவின் வேட்டை உரிமை, அவர் நடத்திய நீதிமன்றம், புறாக்கூடு வைத்துக்கொள்ளும் உரிமை, திருச்சபையின் தசமபாகம், காசுக்கு விற்கப்பட்ட அரசுப் பதவிகள், மாகாணங்களும் நகரங்களும் அனுபவித்துவந்த தனிச் சலுகைகள் என்று விடிவதற்குள் பட்டியல் நீண்டுவிட்டது. ஒரு வாரம் கழித்து வெளிவந்த ஆணை, நிலப்பிரபுத்துவ முறை முற்றாக ஒழிக்கப்பட்டதாகத் தொடக்கத்திலேயே அறிவித்தது. ஒழிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டுக்குப் புரட்சியாளர்கள் வைத்த பெயர்தான் ஆன்சியன் ரெஜீம், பழைய ஆட்சிமுறை.

பல நூற்றாண்டுகளாக நின்ற ஒன்று, அதை அனுபவித்தவர்களாலேயே ஓர் இரவில் கைவிடப்பட்டது எப்படி? அது ஏற்கெனவே உளுத்துப்போயிருந்ததா, நன்றாக இருந்ததை யாரோ தள்ளிவிட்டார்களா, சீர்திருத்தப் போய்க் குலைந்ததா? 1790 தொட்டு இந்தக் கேள்விக்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எடைபோடுவதற்கு முன், ஒழிக்கப்பட்ட அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பல விடைகள் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

உப்பும் தலையும்

பாடநூல்களில் இருக்கும் சித்திரம் எளிமையானது. முதல் பிரிவு பாதிரிமார், இரண்டாவது பிரபுக்கள், மூன்றாவது மற்ற எல்லோரும். முதல் இரண்டு பிரிவும் வரி கட்டவில்லை, மூன்றாவது பிரிவு கட்டியது. சார்ல் லுவாசோ என்ற சட்ட அறிஞர் 1610இலேயே இந்த அடுக்கை விளக்கி நூல் எழுதினார். சித்திரம் பொய்யல்ல, ஆனால் பாதிதான். 1695இல் வந்த தலைவரியையும் 1749இல் வந்த இருபதில் ஒரு பங்கு வரியையும் பிரபுக்களும் கட்டினார்கள், முணுமுணுத்துக்கொண்டு, தங்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டு. மறுபுறம் சாதாரண மக்களிலும் லட்சக்கணக்கானோர் ஏதோ ஒரு சலுகையின் நிழலில் இருந்தார்கள்.

உப்பு வரியை எடுத்துக்கொள்வோம். நாடு ஆறு வகை உப்பு வட்டாரங்களாகப் பிரிந்து கிடந்தது. பாரிஸைச் சூழ்ந்த 'பெரிய காபெல்' வட்டாரத்தில் ஒரு குவிண்டால் உப்பு சுமார் 60 லிவ்ர் விலை போயிற்று. அங்கே குடும்பங்கள் ஆண்டுக்கு இவ்வளவு உப்பை அரசுக் கிடங்கில் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. பிரான்சுடன் இணைந்தபோது பெற்ற உரிமையின்படி விலக்குப் பெற்றிருந்த பிரெத்தாஞ் மாகாணத்தில் அதே உப்பு மூன்று லிவ்ரைத் தாண்டவில்லை. எல்லை ஓர் ஓடையாகவோ வரப்பாகவோ இருக்கும் இடங்களில் இந்த விலை வித்தியாசம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பெண்களும் சிறுவர்களும் உடுப்புக்குள் உப்பைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டினார்கள், பழக்கிய நாய்களின் உடம்பில் பையைக் கட்டி ஓடவிட்டார்கள். வரிக் குத்தகைக் கம்பெனியின் ஆயுதக் காவலர்கள் இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். பிடிபட்டவர்கள் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனைவரை பெற்றார்கள். பிரெத்தாஞின் ஏழைக் குடியானவன் இந்த விஷயத்தில் சலுகை பெற்றவன். பக்கத்து ஆன்ஜூவின் குடியானவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

சலுகை சாவுவரை கூட வந்தது. 1760இல் வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த தளபதி லாலியை நம் வாசகர்கள் அறிவார்கள். பாரிஸின் 'பார்ல்மாங்' என்ற உயர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1766 மே மாதம் வாயை அடைத்து அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிரபு என்பதால் வாளால் தலை வெட்டப்பட்டது; சாதாரண ஆளாக இருந்திருந்தால் தூக்குக் கயிறு. தண்டனை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று 1789இல் டாக்டர் கியோத்தான் கேட்டது இந்தப் பின்னணியில்தான். லாலியின் மகன் அதே சபையில் பிரபுக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார்.

சதி, பசி, வெறி

முதல் விடைகள் நெருப்பு அணையும் முன்பே எழுதப்பட்டவை. எட்மண்ட் பர்க் 1790 நவம்பரில், பழுதுபார்த்திருக்கக்கூடிய கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்று வாதிட்டார். பாதிரியார் பாருவெல் 1797 முதல் வெளியிட்ட தொகுதிகளில் தத்துவவாதிகளும் ஃப்ரீமேசன்களும் திட்டமிட்டுச் சதி செய்ததாக எழுதினார். சதிக் கோட்பாட்டை இன்று எந்த ஆய்வாளரும் ஏற்பதில்லை. அதன் ஆயுள் நீண்டதற்குக் காரணம் ஆதாரம் அல்ல. தோற்றவர்களுக்கு அது தந்த ஆறுதல்.

எதிர்ப்புறத்தில் வரலாற்றாசிரியர் மிஷ்லே, பட்டினி கிடந்த மக்களின் எழுச்சியாக அதைப் பாடாத குறையாக எழுதினார். இப்போலித் தேன் 1875இல் தொடங்கிய பெருநூலில் பழைய முறையின் துன்பத்தையும் புரட்சிக் கும்பலின் வெறியையும் ஒரே வெறுப்போடு வரைந்தார். 1870இல் பிரஷ்யாவிடம் கண்ட தோல்வியும் பாரிஸ் கம்யூன் எழுச்சியும் அவர் பேனாவுக்குப் பின்னால் நிற்பது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரியும்.

தொக்வில்: தொடர்ச்சியைக் கண்டவர்

இந்த விவாதத்தில் இன்றும் தவிர்க்க முடியாத நூல் அலெக்சி து தொக்வில் 1856இல் வெளியிட்டது. எழுதத் தூண்டியது அரசியல் தோல்வி. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது எதிர்த்துக் கைதானவர், பொதுவாழ்விலிருந்து ஒதுங்கி ஆவணங்களுக்குள் போனார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் மால்செர்ப் 1794இல் கில்லட்டினில் உயிரிழந்தவர். பெற்றோரும் சிறையிருந்து தப்பியவர்கள். அப்படிப்பட்டவரிடம் வசைபாடலை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

தூர் நகரில் இருந்த பழைய இன்டெண்டன்ட் அலுவலகத்தின் கடிதங்களை அவர் வாசித்தார். இன்டெண்டன்ட் என்பவர் மன்னர் மாகாணத்துக்கு அனுப்பும் அதிகாரி. ஏறக்குறைய நம் ஊர்க் கலெக்டரை ஒத்தவர். ஒரு கிராமக் கோயிலின் கூரையைப் பழுதுபார்க்கவும் பாரிஸின் அனுமதி வேண்டியிருந்ததை அந்தக் கட்டுகளில் தொக்வில் கண்டார். புரட்சி படைத்ததாகச் சொல்லப்பட்ட மையப்படுத்திய நிர்வாகம் மன்னராட்சியின் மடியிலேயே வளர்ந்திருந்தது என்பது அவர் முடிவு. பிரபுக்கள் ஊரை ஆளும் வேலையை அதிகாரிகளிடம் இழந்துவிட்டு உரிமைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆளாதவன் கேட்கும் வரியை யார் பொறுப்பார்கள்? ஐரோப்பாவின் மற்றவர்களைவிட அதிகம் விடுதலை பெற்றிருந்த பிரெஞ்சுக் குடியானவனுக்கு மிச்சமிருந்த நிலப்பிரபு உரிமைகள் அதனாலேயே அதிகம் உறுத்தின. கெட்ட அரசுக்கு மிக ஆபத்தான காலம் அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும் காலம் என்ற அவருடைய கருத்து, அதன் பிறகு எத்தனையோ நாடுகளின் கதையோடு ஒட்டப்பட்டுவிட்டது.

பலவீனங்களும் உண்டு. இன்டெண்டன்டின் கடிதக் கட்டுகளைப் படிப்பவருக்கு நாடே இன்டெண்டன்டின் கையில் இருப்பதாகத் தோன்றும். லாங்டாக், பிரெத்தாஞ் போன்ற மாகாணங்கள் சொந்தச் சபைகளை வைத்துக்கொண்டு மன்னரோடு வரி பேரம் பேசிக்கொண்டிருந்தன. வில்லியம் பெய்க் 1985இல் லாங்டாக் பற்றி எழுதிய நூல், பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் 'முழுமையான' அதிகாரமே உள்ளூர்ப் பெரிய மனிதர்களோடு வரிப்பணத்தைப் பங்கிட்டுக்கொண்ட கூட்டுறவில் நின்றது என்று காட்டியது. உத்தரவு போவதும் உத்தரவு நடப்பதும் வெவ்வேறு. தொக்வில் முதலாவதைத்தான் அதிகம் பார்த்தார்.

வர்க்கங்களின் கதை

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேலோங்கியது வேறொரு விடை. மூலதனத்தோடு வளர்ந்த முதலாளி வர்க்கம், தன் வளர்ச்சிக்குத் தடையாக நின்ற நிலப்பிரபுத்துவத்தை உடைத்தது என்று ழான் ழோரெஸ் வரைந்த கோட்டில் மத்தியே, லெஃபெவ்ர், சொபூல் ஆகியோர் நடந்தார்கள். இவர்களில் ஜார்ஜ் லெஃபெவ்ர் தனித்து நிற்கிறார். வடபிரான்சின் குடியானவர்களைப் பற்றிய 1924ஆம் ஆண்டு ஆய்விலும் 1789 கோடையில் கிராமங்களில் பரவிய பீதியைப் பற்றி 1932இல் வந்த 'பெரும் அச்சம்' நூலிலும் அவர் கோட்பாட்டுக்கு ஏற்ப ஆட்களை அடுக்கவில்லை. ஊர் ஊராக வதந்தி எந்த வழியில் பரவியது என்று தேடினார். 1939இல் அவர் எழுதிய சிறுநூல் பிரபுக்கள், முதலாளிகள், நகர மக்கள், குடியானவர்கள் என நான்கு எழுச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து மோதியதாக விளக்கியது. முதலில் மன்னரை எதிர்த்தவர்கள் பிரபுக்களே என்பதையும் அது மறைக்கவில்லை. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்து விஷி அரசு அந்த நூலின் பிரதிகளை எரிக்க ஆணையிட்டது.

எர்னஸ்ட் லப்ரூஸ் தானிய விலைகளையும் கூலிகளையும் திரட்டி, 1770களின் இறுதியிலிருந்து பொருளாதாரம் தளர்ந்ததையும், 1788 விளைச்சல் பொய்த்தபின் ரொட்டி விலை 1789 ஜூலை நடுவில் உச்சத்தைத் தொட்டதையும் காட்டினார். பசிதான் காரணம் என்ற மிஷ்லே, வளர்ந்துவந்த வளம்தான் என்ற தொக்வில் ஆகிய இரு துருவங்களை இந்த ஆய்வு ஓரளவு சமரசப்படுத்தியது: நீண்ட வளர்ச்சிக்குப் பின் வந்த குறுகிய நெருக்கடி.

மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

ஆல்ஃபிரட் கோபன் 1954இல் லண்டனில் ஆற்றிய உரையிலும் 1964ஆம் ஆண்டு நூலிலும் கேட்டது எளிய கேள்வி: 1789இல் மூன்று பிரிவுகளின் பிரதிநிதிகளும் கூடிய எஸ்டேட்ஸ் ஜெனரல் சபைக்கு மூன்றாம் பிரிவின் சார்பில் வந்தவர்கள் யார்? எண்ணிப் பார்த்தபோது வணிகர், உற்பத்தியாளர், நிதியாளர் சேர்ந்து 13 விழுக்காடுதான். 43 விழுக்காட்டினர் விலைக்கு வாங்கிய அரசுப் பதவிகளில் இருந்தவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள். ஆலை முதலாளி அங்கே இல்லை. ஜார்ஜ் டெய்லர் 1967இல் வெளியிட்ட கட்டுரையில், பிரான்சின் தனியார் செல்வத்தில் பெரும்பகுதி நிலத்திலும் பதவியிலும் வட்டிப் பத்திரத்திலும் முடங்கிக் கிடந்ததாகவும், இந்த வகையில் பிரபுவுக்கும் பணக்கார வணிகருக்கும் வேறுபாடு இல்லை என்றும் வாதிட்டார். சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் பணம் போட்ட பிரபுக்களை 1976இல் ஷொசினான்-நொகாரே அடையாளம் காட்டினார்.

பிரபுக்களின் பிற்போக்குக்குச் சான்றாக எப்போதும் காட்டப்பட்டது 1781ஆம் ஆண்டு ராணுவ ஆணை. நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தை நிரூபிக்காதவர் நேரடியாக அதிகாரி ஆக முடியாது என்றது அது. டேவிட் பியன் அதை ஆராய்ந்தபோது, அதன் குறி மூன்றாம் பிரிவினர் மீது அல்ல, அண்மையில் பணம் கொடுத்துப் பட்டம் வாங்கிய புதுப் பிரபுக்கள் மீது என்று தெரிந்தது. பழைய ஏழைப் பிரபுவுக்கும் புதிய பணக்காரப் பிரபுவுக்கும் நடந்த வீட்டுச் சண்டை!

மறுப்பாளர்கள் இடித்தது உறுதியாக இடிந்தது. கட்டியது அவ்வளவு உறுதியாக இல்லை. மேட்டுக்குடியினர் எல்லோரும் ஒரே வார்ப்பு என்றால் 1788இன் இறுதியில், கூடவிருந்த அந்தச் சபையில் வாக்குகளைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதா, பிரிவுக்கு ஒன்றாக எண்ணுவதா என்ற சண்டை ஏன் அவ்வளவு கசந்தது? 1996இல் டிமதி டாக்கெட் பிரதிநிதிகளின் கடிதங்களையும் சொத்துக் கணக்குகளையும் பார்த்து, இரு தரப்புக்கும் செல்வத்திலும் வளர்ப்பிலும் பெரிய இடைவெளி இருந்ததைக் காட்டினார். 1789 ஏப்ரலில் வண்டி ஏறியவர்கள் புரட்சியாளர்கள் அல்லர், வெர்சாயின் அனுபவம்தான் அவர்களை அப்படி ஆக்கியது என்றும் எழுதினார்.

பிரான்சுவா ஃபூரே 1978இல் சமூகக் காரணங்களை ஒதுக்கிவைத்து அரசியல் மொழிக்குத் திரும்பினார். மோர்னே, டார்ன்டன், ஷார்த்தியே ஆகியோர் நூல்கள், தடைசெய்த துண்டுப் பிரசுரங்கள், வாசகர்கள் பக்கம் போனார்கள். மன்னர் படுக்கையறையைப் பற்றிய ஆபாசக் கதைகள் முடியின் மதிப்பைக் கெடுத்தன என்ற டார்ன்டனின் வாதம் சுவையானது. வாசித்தவர் நம்பினாரா என்பதுதான் சிக்கல். புரட்சியே தனக்கு முன்னோடிகளாகச் சில நூல்களைப் பின்னோக்கித் தேர்ந்துகொண்டது என்று ஷார்த்தியே எச்சரித்ததை இங்கே மறக்கக் கூடாது.

கஜானாவும் சலுகையும்

நடந்த வரிசையைப் பார்த்தால் தொடக்கம் கஜானாவில்தான். 1786 ஆகஸ்டில் நிதியமைச்சர் கலோன் பதினாறாம் லூயியிடம் பற்றாக்குறையை ஒப்புக்கொண்டார். 1781இல் நெக்கர் வெளியிட்ட கணக்கு 10 மில்லியன் லிவ்ர் உபரி காட்டியிருந்ததால் நாட்டில் பலர் கலோனை நம்பவில்லை. அமெரிக்கப் போருக்கு வாங்கிய கடன் ஒருபுறம், அதற்கு முன் லாலி தோற்ற அதே ஏழாண்டுப் போரின் சுமை ஒருபுறம். 1788இன் கணக்கில் செலவு ஏறத்தாழ 629 மில்லியன், வரவு 503 மில்லியன். செலவில் பாதி கடனுக்கே போயிற்று. அந்த ஆகஸ்டில் அரசு முழுப் பணமாகக் கொடுப்பதை நிறுத்தியது.

மக்கள் தாங்க முடியாத வரி என்று மட்டும் இதைச் சொல்ல முடியாது. மத்தையாஸும் ஓ'பிரையனும் 1976இல் ஒப்பிட்டபோது, பிரிட்டிஷ் அரசு தன் மக்களிடம் இதைவிடக் கூடுதலான விகிதத்தில் வரி வசூலித்தது தெரிந்தது. அங்கே நாடாளுமன்றம் கடனுக்கு உத்தரவாதம் நின்றதால் வட்டி குறைவு. பிரெஞ்சு மன்னரை யாரும் அப்படி நம்பவில்லை. தன் கடனைத் தானே ரத்து செய்த பழக்கம் அவருக்கு உண்டு.

மன்னருக்குக் கிடைக்காத நம்பிக்கை சலுகை பெற்ற அமைப்புகளுக்குக் கிடைத்தது. 'மன்னரின் செயலாளர்' என்ற வேலையில்லாப் பதவியை வாங்கினால் குடும்பம் பிரபுக் குடும்பம் ஆகும். அந்தச் செயலாளர்கள் ஒரு குழுமமாகச் சேர்ந்து, தங்கள் பதவிகளைப் பிணையாக வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி மன்னருக்குக் கொடுத்தார்கள். மாகாணச் சபைகளும் கைவினைச் சங்கங்களும் நகரங்களும் இதையே செய்தன. சலுகை என்பது மன்னர் விற்ற சரக்கு, அவர் வைத்த அடகும் அதுவே. அதைத் தொட்டால் முதலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தொடாவிட்டால் வரி ஏறாது. 1776இல் துர்கோ கைவினைச் சங்கங்களையும் சாலை வெட்டிவேலையையும் ஒழிக்க முயன்றார். பாரிஸ் பார்ல்மாங், சமூகத்தின் படிநிலையே குலையும் என்று எதிர்த்தது. அதே ஆண்டு மே மாதம் துர்கோ வீட்டுக்கு அனுப்பப்பட்டார், சங்கங்கள் திருத்திய வடிவில் திரும்பி வந்தன.

பழைய முறையைப் பற்றிய விளக்கங்களில் என் மதிப்பீட்டில் அதிகம் தாங்குவது இதுதான். அது மூன்று தட்டுகள் கொண்ட கோபுரமாக இருந்ததைவிட, காசுக்கும் கடனுக்கும் ஈடாகக் கொடுத்த எண்ணற்ற விலக்குகளின் பின்னலாக இருந்தது. ஓர் இழையை மட்டும் உருவ முடியவில்லை. பிரபுக்கள், பாதிரிமார், நகரங்கள், மாகாணங்கள் எல்லோரும் ஒரே இரவில் கைவிட நேர்ந்ததையும் இது ஓரளவு விளக்குகிறது. ஒருவர் மட்டும் விட்டுக்கொடுப்பது நட்டம். எல்லோரும் விட்டுக்கொடுத்தால் கௌரவம். ஆயினும் இந்த விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1715இலும் அரசு திவாலாகத்தான் இருந்தது. 1770இல் தெர்ரே கடனில் ஒரு பகுதியை ரத்து செய்தார். அப்போதெல்லாம் ஆட்சி விழவில்லை. காலியான கஜானா எஸ்டேட்ஸ் ஜெனரலை 175 ஆண்டுகளுக்குப் பிறகு கூட்டவைத்தது. கூடியவர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அது சொல்லாது.

தீராத பகுதி

ஆகஸ்ட் 4இன் இரவை நிகழவைத்தது கிராமங்களில் எரிந்த நில ஆவணங்கள். குடியானவர்களைப் பற்றித்தான் விடைகள் இன்னும் மெல்லியவை. 1789 வசந்தத்தில் ஊர்கள் எழுதி அனுப்பிய குறை ஏடுகளை ஜான் மார்காஃபும் கில்பர்ட் ஷபைரோவும் பெருமளவில் பகுத்தாய்ந்தார்கள். அரசு வரியைச் சீர்திருத்தக் கேட்ட ஊர்கள், நிலப்பிரபுவின் பாத்தியதைகளை ஒழித்துவிடவே அதிகம் கேட்டதாக அவர்கள் கண்டார்கள். தொக்விலின் ஊகத்துக்கு இது வலு சேர்க்கிறது. ஆனால் ஏட்டை எழுதியது பெரும்பாலும் ஊர் நோட்டரியோ, நிலப்பிரபுவிடமே சம்பளம் வாங்கிய நீதிபதியோ. நகரத்திலிருந்து வந்த மாதிரி ஏட்டைப் பார்த்து எழுதிய ஊர்களும் உண்டு. இடையில் எழுதாமல் விட்டதை எந்தக் கணக்கெடுப்பும் மீட்டுத் தராது.

கடலுக்கு அப்பால் இன்னொரு கேள்வி கிடக்கிறது. பிரான்சின் கரீபியக் குடியேற்றமான சான் தொமிங்கின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் 1791இல் எழுந்தார்கள். அடிமைமுறை 1794இல் ஒழிக்கப்பட்டு, 1802இல் மீண்டும் சட்டமாயிற்று. சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938இலேயே இதை மையத்தில் வைத்து எழுதியும், பழைய முறை பற்றிய பொது நூல்கள் அதை ஓர் அத்தியாயத்தில் ஒதுக்கிவிடுகின்றன. போர்தோ, நாந்த் துறைமுகங்களின் செல்வம் அந்தத் தோட்டங்களிலிருந்து வந்தபோது, அடிமைமுறையைப் பழைய முறையின் உறுப்பாகக் கொள்வதா, வரப்போகும் முதலாளித்துவத்தின் உறுப்பாகக் கொள்வதா?

எப்போது முடிந்தது என்பதும் திறந்தே இருக்கிறது. ஐரோப்பா முழுவதிலும் 1914வரை நிலக்கிழார்களின் ஆதிக்கம் நீடித்தது என்று ஆர்னோ மேயர் 1981இல் வாதிட்டார். தொழில்துறை வளர்ச்சியை அவர் குறைத்து மதிப்பிட்டதாக எதிர்ப்புகள் எழுந்தன. ரேஃப் பிளாஃபார்ப் 2016இல் எதிர்த்திசையில் போனார். அதிகாரத்தையும் சொத்தையும் பிரித்துவைத்ததுதான் புரட்சியின் ஆழமான வேலை, அது உண்மையில் நிகழ்ந்தது என்பது அவர் நிலை. தேசிய சபையின் சட்டங்கள் இந்த இரு நிலைகளுக்கும் இடம் தருகின்றன. 1790 மே மாதச் சட்டப்படி, நிலத்தின் மீதான பழைய பாத்தியதைகளிலிருந்து விடுபட விரும்பும் குடியானவர், பணமாகக் கட்டிவந்தால் ஆண்டுத் தொகையைப் போல் 20 மடங்கும், தானியமாக என்றால் 25 மடங்கும் கொடுக்கவேண்டும். ஈடில்லாமல் அவை ஒழிந்தது 1793 ஜூலை 17இல்தான், அதுவும் பெரும்பாலான ஊர்கள் கட்டுவதை நிறுத்திய பிறகு. தசமபாகம் ஒழிந்தபோதோ, குத்தகைதாரர் அதுவரை திருச்சபைக்குக் கொடுத்துவந்த பங்கை நிலச் சொந்தக்காரர் குத்தகைத் தொகையோடு சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. சொந்த நிலம் உள்ளவருக்கு 1789 ஒரு முடிவு. குத்தகைக்கு உழுதவருக்கு அது எந்த ஆண்டில் முடிந்தது என்று வட்டார வாரியாகத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்குகள் இப்போதும் மாவட்ட ஆவணக் கூடங்களில், குத்தகை ஒப்பந்தங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு வருகின்றன.